மகளின் ஜே.ஆர்.ஓ.டி.சி. கர்னல் ஓய்வு பெறுகிறார், எப்படி மரியாதை செய்வது?

வெயில்ராணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு, ஒன்பதாவதிலிருந்தே பள்ளியில் ஆர்மி ஜே.ஆர்.ஓ.டி.சி. எடுத்திருக்கிறாள். இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு, ஏறக்குறைய நம்ம என்.சி.சி. மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது தினமும் டைம்டேபிளில் வரும் ஒரு பாடம், மதிப்பெண் உண்டு, சொல்லிக் கொடுப்பவர்கள் ராணுவத்தில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர்கள்.

அவர்களுடைய கர்னல் இந்த மே மாதக் கடைசியோடு பள்ளியை விட்டுப் போகிறார். ராணுவத்தில் ஒருமுறை ரிடையர் ஆகி, இப்போது பள்ளியிலும் ரிடையர் ஆகிறார். என் பெண் எப்படி இருந்தாள் என்று எனக்குத்தான் தெரியும். கடையில் பில் போடுகிறவரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை. இப்போது மொத்த பட்டாலியனும் நிற்கும்போது முன்னால் போய் நின்று கமாண்ட் கொடுக்கிறாள், அந்தக் குரல் பார்க்கிங் வரை கேட்கிறது. வீட்டிலும் அதே குரலில்தான் தம்பியை அதட்டுகிறாள், அது வேறு விஷயம்.

பெற்றோர் பூஸ்டர் கிளப்பில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒருவர் கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் பெரிய ஷீல்டு. நான் நம்ம ஊர் வழக்கப்படி பொன்னாடை போர்த்தலாமா என்று வாய்விட்டுக் கேட்டேன், என்னவென்று விளக்கியதும் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. மெமோரியல் டே லாங் வீக்கெண்டில் வைத்தால் எல்லோரும் வர முடியும், ராணுவக்காரருக்குப் பொருத்தமான நாளும்கூட என்று ஒரு யோசனை. எதற்கும் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தேன். மனுஷன் பேச்சு குறைவு. யாராவது தன்னைப் புகழ ஆரம்பித்தாலே காது சிவந்து, வாட்சைப் பார்ப்பார்.

மூணுபிள்ளைஅப்பா எழுதியது:

முதல் வேலையாக அந்த மெமோரியல் டே யோசனையைக் கைவிடுங்கள். அது போரில் இறந்தவர்களுக்கான நாள். உயிரோடு இருக்கும் ஒரு பழைய ராணுவக்காரரை அன்று நிறுத்திவைத்துக் கைதட்டினால் அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் உள்ளுக்குள் துடித்துப் போவார். அவர்களில் பலருக்கு அன்றைக்கு நினைத்துக்கொள்ள நாலு பெயராவது இருக்கும். பணியாற்றித் திரும்பியவர்களுக்கு வெட்டரன்ஸ் டே இருக்கிறது, நவம்பர் 11. இப்போது பணியில் இருப்பவர்களுக்கு மே மூன்றாவது சனிக்கிழமை ஆர்ம்ட் ஃபோர்சஸ் டே. உங்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. வருடக் கடைசியில் கேடட்களுக்கு அவார்ட்ஸ் நைட் ஒன்று நடக்குமே, அதன் கடைசி இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கத்து ஆட்கள் எப்படியும் கேடட்களுக்கு மெடல் கொடுக்க வருவார்கள். விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் தரப்பிலிருந்தும் ஏதாவது செய்வார்கள், சொல்லாமல் விட்டால் வருத்தப்படுவார்கள்.

அடுத்தது கிஃப்ட் கார்டு. அவர் யூனிஃபார்ம் போட்டிருந்தாலும் வேலை பார்ப்பது ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற நிர்வாகத்தில். சம்பளத்தில் ஒரு பங்கை ராணுவம் டிஸ்ட்ரிக்டுக்குத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். ஆகவே பரிசு விஷயத்தில் எந்த டீச்சருக்கும் உள்ள டிஸ்ட்ரிக்ட் விதிதான் அவருக்கும். பல இடங்களில் கிஃப்ட் கார்டைக் காசாகவே கணக்கு வைப்பார்கள். பிரின்சிபல் ஆபீசுக்கு ஒரு ஈமெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்லது செய்யப் போய் போகிற நேரத்தில் அவருக்கு ஒரு தலைவலி வரக் கூடாது.

நான் சொல்வது கேபிடல் கொடி. வாஷிங்டனில் கேபிடல் என்கிற நாடாளுமன்றக் கட்டடத்தின் மேல் ஏற்றி இறக்கிய அமெரிக்கக் கொடியை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், 1937-லிருந்து இருக்கிற ஏற்பாடு. உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் வெப்சைட்டில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கும். எந்தத் தேதியில் ஏற்ற வேண்டும், யாருக்காக, என்ன காரணத்துக்காக என்று எழுதிக் கொடுத்தால் அதே விவரத்தோடு ஒரு சான்றிதழும் கொடியோடு வரும். கொடியின் விலை, ஏற்றுவதற்கு ஒரு சின்னக் கட்டணம், தபால் செலவு, அவ்வளவுதான் ஆகும். நைலானிலும் கிடைக்கும் பருத்தியிலும் கிடைக்கும். மடித்துச் சட்டம் போட்டு வைப்பதற்குப் பருத்திதான் நன்றாக நிற்கும். அவர் ராணுவத்தில் சேர்ந்த தேதியோ, இந்தப் பள்ளியில் சேர்ந்த தேதியோ கிடைத்தால் அன்றைக்கே ஏற்றச் சொல்லலாம். ஆனால் இப்போதே அனுப்புங்கள், கையில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

அதே ஆபீசில் இன்னொன்றும் கேளுங்கள். காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் தொகுதிக்காரர்களைப் பாராட்டி காங்கிரஷனல் ரெக்கார்டில் ஒரு குறிப்புச் சேர்க்க முடியும். அரைப் பக்கம் நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை மிச்சம். நாடாளுமன்றக் குறிப்பில் பெயர் ஏறுவதற்குச் செலவு ஒரு பைசா கிடையாது.

கிக்லைன் எழுதியது:

நான் முன்னாள் கேடட். வேறு மாநிலம், வேறு கர்னல். ஆனால் எல்லாக் கர்னலும் ஒரே அச்சுதான் போல, வாட்சைப் பார்ப்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன்.

எங்கள் கர்னல் யூனிஃபார்ம் நாளன்று வாசலிலேயே நிற்பார். கையில் ஒரு சின்ன இரும்பு ஸ்கேல். மெடலுக்கு அடையாளமாகச் சட்டையில் குத்துகிற ரிப்பன் வரிசை பாக்கெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டுமோ அதை வைத்துப் பார்ப்பார், கோணலாக இருந்தால் திட்ட மாட்டார், ஸ்கேலை நம் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். நாமே கழற்றி, அளந்து, குத்திக்கொண்டு ஸ்கேலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்புறம் கிக் லைன். சட்டையின் பொத்தான் பட்டி, பெல்ட் பக்கிளின் ஓரம், பேன்ட் ஜிப் மடிப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். இன்றைக்கும் ஆபீசுக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் அதைத்தான் முதலில் பார்க்கிறேன், என் மனைவிக்கு இது ஒரு வியாதி என்று தோன்றுகிறது.

வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டத்துக்குக் கலர் கார்டு போவோம். ஆட்டம் தொடங்கும் முன் கொடியோடு மைதானத்தில் நடந்து, தேசிய கீதம் முடிந்ததும் வெளியே வந்தால் எங்கள் வேலை முடிந்தது, கர்னல் வேலையும் முடிந்தது. ஆனால் எங்களில் ஒருவன் அம்மா இரவு ஷிஃப்ட், கூட்டிப்போக வர பத்தரை ஆகும். அவன் கார் கிளம்பும் வரை கர்னல் கொடிகளை உறையில் போடுகிறேன், கம்புகளைத் துடைக்கிறேன் என்று ஏதாவது வேலை வைத்துக்கொண்டே இருப்பார். துடைத்ததையே மறுபடி துடைப்பார். உனக்காகத்தான் நிற்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவன் இப்போது தீயணைப்புத் துறையில் இருக்கிறான்.

இந்த மாதிரி விஷயங்களை எழுதச் சொல்லுங்கள் அக்கா. பழைய கேடட்களைத் தேடிப் பிடியுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம், கையெழுத்தில். "நீங்கள் எனக்கு ஒழுக்கம் கற்றுக்கொடுத்தீர்கள்" என்று பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். என்ன நடந்தது, எந்த வருடம், அவர் என்ன செய்தார் என்று இருக்க வேண்டும். எங்கள் கர்னலுக்கு நாங்கள் அப்படி ஒரு ஃபைல் கொடுத்தோம். மேடையில் அதைத் திறக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினார், எனக்கு வந்த பதிலில் ஒரு எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு என் பக்கத்தின் நகலையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

நடுநிலைவாதி எழுதியது:

கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குள் ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிற திட்டம்தானே இது? அதற்கு ஏன் பாராட்டு விழா? சில ஊர்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்காமலேயே இந்த வகுப்பில் போட்டுவிட்டார்கள் என்று 2022-இல் பத்திரிகைகளில் வந்ததே.

மூணுபிள்ளைஅப்பா எழுதியது:

வந்தது உண்மை, அது தப்பும்கூட. கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் அது எந்தப் பாடமாக இருந்தாலும் பெற்றோர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இதில் சேர்ந்த பிள்ளைக்கு ராணுவத்தில் சேர வேண்டும் என்ற கடமை எதுவும் கிடையாது. எதிலும் கையெழுத்து வாங்குவதில்லை. சேர விரும்பினால் தொடக்கத்திலேயே ஒரு படி இரண்டு படி உயர்ந்த ரேங்க் கிடைக்கும், அது உண்மை, அதைப் பார்த்து ஆசை வருகிற பிள்ளைகளும் உண்டு. 1916 சட்டத்தில் தொடங்கியபோது இதன் நோக்கம் ராணுவத் தயார்நிலைதான், அதை மறைக்கவும் வேண்டாம். பிறகு 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் நடந்த சமயம், அப்போது அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவராக இருந்த காலின் பவல் இதைப் பெரிய நகரங்களில் விரிவாக்க முனைந்தார். அப்போது பேச்செல்லாம் வழிதவறுகிற பிள்ளைகளுக்கு ஒரு பிடிமானம் என்பதைப் பற்றித்தான். இரண்டுமே அதில் இருக்கின்றன. என் மூன்று பேரில் ஒருத்தன் ஏர்ஃபோர்சுக்குப் போனான், ஒருத்தி நர்ஸ், கடைக்குட்டி இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

திட்டத்தைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். இங்கே மரியாதை செய்யப் போவது ஒரு வாத்தியாருக்கு.

தாம்பரத்தான் எழுதியது:

இங்கே இருந்து படிக்கிறேன், நான் பழைய என்.சி.சி. ஜூனியர் டிவிஷன், 'ஏ' சர்டிபிகேட். நம்ம ஊரில் கொஞ்சம் தலைகீழ். பள்ளியில் என்.சி.சி.யைப் பார்ப்பது நம்ம வாத்தியார்களில் ஒருவர்தான், பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஏ.என்.ஓ. ஆகி ரேங்க் போட்டுக்கொள்வார். ராணுவத்திலிருந்து வருவது பி.ஐ. ஸ்டாஃப், பெரும்பாலும் ஹவில்தார். அவர்தான் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தி எங்களுக்கு டிரில் சொல்லிக் கொடுத்தவர். இந்தியில் திட்டுவார், அர்த்தம் புரியாமலேயே சரியாக நடந்தோம்.

ஏ.என்.ஓ. சார் ஓய்வு பெற்றபோது மாலை என்ன, மேடை என்ன, நாளிதழில் படம் என்ன, எல்லாம் நடந்தது. ஹவில்தார் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. கேட்டால் யூனிட்டுக்குத் திரும்பிவிட்டார் என்றார்கள். ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்து அனுப்பவில்லை. உங்கள் பள்ளியில் கர்னலோடு வேறு யாரும் இருக்கிறார்களா?

வெயில்ராணி எழுதியது:

அண்ணா, நல்லவேளை கேட்டீர்கள். இருக்கிறார். சார்ஜென்ட் ஒருவர், அவரும் ஓய்வு பெற்றவர், துப்பாக்கி சுடும் ரைஃபிள் டீமும், உடல்திறன் போட்டிகளுக்குப் போகிற ரெய்டர்ஸ் டீமும் அவர் பொறுப்பில்தான். அவர் போகவில்லை, பள்ளியிலேயே தொடர்கிறார், அதனால் எங்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லை! காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு மைதானத்தில் ஓடுவது அவர்தான்.

மெமோரியல் டே விஷயத்தை கிளப்பில் சொன்னேன். யோசனை சொன்னவரே "அட ஆமாம்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவார்ட்ஸ் நைட்தான் என்று முடிவாகிவிட்டது. கொடிக்கான படிவமும் இன்று போய்விட்டது. தேதிக்கு அவர் மனைவியைப் பிடித்தேன், ரகசியமாக. இன்னும் மூன்று சந்தேகம். மெடல்களை எல்லாம் வைத்து ஷேடோ பாக்ஸ், அதாவது சுவரில் மாட்டுகிற கண்ணாடிப் பெட்டி, செய்யலாம் என்கிறார்கள், அதை எங்கே கொடுத்துச் செய்வது? ஷீல்டில் பெயரை எப்படிப் போடுவது, சிலர் கர்னல் என்கிறார்கள், சிலர் லெப்டினன்ட் கர்னல்தான் சரி என்கிறார்கள். பொன்னாடைக்கு இன்னும் யாருமே பதில் சொல்லவில்லை.

கேம்ப்வாசி எழுதியது:

என் கணவர் யு.எஸ். ஆர்மியில் இருக்கிறார், ஊர் ஊராக மாறியதில் இந்த மாதிரி விழாக்கள் நிறையப் பார்த்தாயிற்று. வரிசையாகச் சொல்கிறேன் வெயில்ராணி.

ஷேடோ பாக்ஸில் நீங்களாக இணையத்தில் பார்த்து மெடல் வாங்கி ஒட்டாதீர்கள். எது எது என்று அவருடைய டி.டி. 214 படிவத்தில் இருக்கும், ராணுவத்தை விட்டு வரும்போது கொடுக்கிற தாள். மனைவியிடம் அதன் நகல் கேளுங்கள். ரிப்பன்களுக்கு முன்பின் வரிசை உண்டு. அவர் வாங்காத ஒன்று உள்ளே இருந்துவிட்டால், அல்லது ஒன்று இடம் மாறி இருந்தால்கூட, வந்திருக்கும் பழைய ராணுவக்காரர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொன்று, அவர் ராணுவத்திலிருந்து வந்தபோதே ஒரு பாக்ஸ் கொடுத்திருப்பார்கள், வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். இரண்டாவதாக அதையே எதற்குச் செய்கிறீர்கள்? உங்கள் பாக்ஸில் பள்ளிக்கூடம் இருக்கட்டும். கேடட் ரேங்க் பின்கள், பட்டாலியனின் தோள் பட்டை, வெவ்வேறு வருடத்து அணிகளின் படம், கிடைத்தால் அந்த கிக்லைன் தம்பி சொன்ன மாதிரி ஒரு ஸ்கேல். அது வேறு யாரிடமும் இருக்காது.

பெயர் விஷயம். லெப்டினன்ட் கர்னலைக் கூப்பிடும்போது கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால்தான் குழப்பம். எழுத்தில் முழு ரேங்க் வர வேண்டும், பின்னால் யு.எஸ். ஆர்மி, ரிடையர்ட் என்று. மேடையில் பேசுகிறவர் சார்ஜென்டை "சார்" என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்ம ஆட்களுக்கு சார் என்பது மூச்சு மாதிரி வரும், ஆனால் இங்கே அது ஆபீசர்களுக்குத்தான். சார்ஜென்டுக்கு அவர் ரேங்க்தான் மரியாதை, சார் என்று சொன்னால் "நான் உழைத்துச் சாப்பிடுகிறவன்" என்று கிண்டலடிப்பார்கள், அது பழைய ராணுவ ஜோக்.

கர்னல் மனைவியைச் சும்மா உட்கார வைத்துவிடாதீர்கள். ஆர்மி ரிடையர்மெண்ட் விழாக்களில் மனைவிக்கு என்று தனியாக ஒரு பாராட்டுச் சான்றிதழும் பூங்கொத்தும் உண்டு. பள்ளி விழா என்றாலும் அதைச் செய்யுங்கள், வெள்ளிக்கிழமை ராத்திரிகளெல்லாம் அந்த அம்மா கணக்கில்தான் போயிருக்கின்றன.

பொன்னாடை. அன்று அவர் யூனிஃபார்மில் வந்தால் மேலே போர்த்தாதீர்கள், மாலையும் வேண்டாம். இருபது முப்பது வருடம் ஒரு நூல் தொங்காமல் பார்த்துக்கொண்ட உடை, அதன் மேல் எது விழுந்தாலும் அவருக்குக் கூச்சமாக இருக்கும். மடித்துத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் கொடுங்கள், என்ன வழக்கம் என்று ஒரு வரியில் சொல்லுங்கள், உங்கள் மகளே சொல்லட்டும். சூட் போட்டு வந்தால் தாராளமாகப் போர்த்துங்கள்.

சார்ஜென்டுக்குத் தனி விழா வேண்டாம், அது கர்னல் நாள். ஆனால் கொடியைக் கொடுக்கப்போவது யார் என்று யோசித்தீர்களா? அதை அவரிடம் கொடுங்கள். மூத்த கேடட்கள் மேடையில் கொடியை முக்கோணமாக மடித்து, கைமாற்றிக் கைமாற்றிக் கடைசியில் சார்ஜென்ட் கைக்கு வந்து, அவர் கர்னலிடம் கொடுக்கட்டும். கொடியை முன்பே பிரித்து ஒத்திகை பாருங்கள். மடித்து முடிக்கையில் வெளியே நீலமும் நட்சத்திரமும் மட்டும் தெரிய வேண்டும், சிவப்பு ஓரம் எட்டிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

கிக்லைன் எழுதியது:

காயினை மறந்துவிட்டீர்களே. பட்டாலியன் சின்னம் போட்ட சேலஞ்ச் காயின், ராணுவத்தில் நினைவாகக் கொடுக்கிற உலோக வில்லை, அடிக்கக் கொடுங்கள், ஒரு பக்கம் அவர் பெயரும் பணியாற்றிய வருடங்களும். மேடையில் பெட்டியில் வைத்துக் கொடுக்கக் கூடாது, கைகுலுக்கும்போது உள்ளங்கையிலிருந்து உள்ளங்கைக்குப் போக வேண்டும். விழா முடிந்து கேடட்கள் வரிசையில் வரும்போது, ஒவ்வொருவருக்கும் அவர் கையாலேயே ஒன்று கொடுக்கட்டும். வாங்கிக்கொள்வதைவிட அவருக்கு அதுதான் சௌகரியம், பேச வேண்டியதும் இல்லை.

வெயில்ராணி எழுதியது:

கிளப்பில் காயினுக்கு எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள், கிஃப்ட் கார்டு பேச்சே போய்விட்டது. பழைய கேடட்கள் கடிதம் என் மகள் பொறுப்பு. பொதுவாக எழுதிய இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம், அதே பார்க்கிங் குரலில்தான் போன் பண்ணியிருப்பாள். சார்ஜென்டிடம் கொடி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "ஒத்திகை எத்தனை மணிக்கு மேடம்?" என்று மட்டும் கேட்டார். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

மூணுபிள்ளைஅப்பா எழுதியது:

நல்லது. கொடிச் சான்றிதழில் பெயர் நீங்கள் படிவத்தில் அடித்தது அப்படியே அச்சாகி வரும். அனுப்பிய நகலை எடுத்து ரேங்க், நடு எழுத்து, ஸ்பெல்லிங் எல்லாவற்றையும் அவர் மனைவியிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். மாற்ற வேண்டும் என்றால் இந்த வாரமே அந்த ஆபீசுக்குப் போன் பண்ணிவிடுங்கள், அங்கே கொடியை ஏற்றிவிட்டால் பிறகு கஷ்டம்.